ஓட்டிப் பார்ப்பதற்கு முன் தள்ளிப் பாருங்கள்: முதல் பைக் வாங்கப் போகிறவர்களுக்கு

நான் முதன்முதலில் பைக்கோடு கீழே விழுந்தபோது வண்டியின் வேகம் பூஜ்யம். ஒரு திருப்பத்தில், எதிரே வந்த லாரி போகட்டும் என்று நிறுத்தி வலது காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் ரோடு கொஞ்சம் சரிவு, அதன் மேல் மெல்லிசாக மணல். பெருவிரல் நுனி மட்டும்தான் தரையைத் தொட்டது. கால் வழுக்கியது, வண்டி என் பக்கம் ஒரு சாண் சாய்ந்தது, அதற்குமேல் என்னால் பிடிக்க முடியவில்லை. கிட்டத்தட்ட 190 கிலோ. முழங்காலில் சிராய்ப்பு, பிரேக் லிவரின் நுனி உடைந்தது, ஒரு இன்டிகேட்டர் போனது. காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஐந்து மாதம் நான் வண்டியைத் தொடவே இல்லை.

அந்த வண்டியை எனக்குத் தேர்ந்தெடுத்தது அண்ணன். "சின்ன வண்டி எடுத்தா ஆறே மாசத்துல சலிச்சிரும். எடுக்கும்போதே பெருசா எடுத்துரு, அப்புறம் மாத்தவே வேண்டாம்" என்றான். அக்கறையோடுதான் சொன்னான். ஆனால் அவன் உயரம் 178 சென்டிமீட்டர், அதற்குள் பல வருடம் ஓட்டிப் பழகியவன். நான் 157. அவனுடைய உடம்புக்கும் பழக்கத்துக்கும் பொருந்துகிற வண்டியில் என்னை உட்கார வைத்துவிட்டான், அவ்வளவுதான்.

பிறகு ஒரு தோழியிடம் 110 கிலோ எடையுள்ள பழைய 100 சிசி வண்டியை இரவல் வாங்கி மறுபடி தொடங்கினேன். கிளட்ச் எங்கே பிடிக்கிறது, முன் பிரேக்கை எவ்வளவு அழுத்தலாம், யூ-டர்ன் அடிக்கும்போது கண் எங்கே இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அதில்தான் கற்றேன். இப்போது பத்தொன்பது வருடம் ஆகிறது. கடந்த ஒன்பது வருடமாக ஞாயிறு காலைகளில் ஒரு காலி மைதானத்தில் புதியவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, எந்த பைக் வாங்கலாம்?" மாடல் பெயர் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. எப்படிப் பார்த்து எடுப்பது என்று உட்கார வைத்துச் சொல்லுவேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரும் அவர் குழுவினரும் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் நடந்த சுமார் 900 பைக் விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். அறிக்கை 1981-ல் வந்தது. அதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. விபத்தில் சிக்கியவர்களுக்கு ரோட்டில் ஓட்டிய அனுபவம் மொத்தமாகக் கிட்டத்தட்ட மூன்று வருடம் இருந்தது. ஆனால் அவர்களில் பாதிப்பேருக்கு மேல், விபத்தில் சிக்கிய அந்தக் குறிப்பிட்ட வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இல்லை. ஓட்டத் தெரிந்தவருக்கே புது வண்டி பழகும்வரை ஆபத்து என்றால், ஓட்டவும் தெரியாமல் வண்டியும் புரியாமல் இருக்கிறவர் நிலையை நினைத்துப் பாருங்கள். சீக்கிரம் பழகிவிடக்கூடிய வண்டி எதுவோ அதைத்தான் முதல் வண்டியாக எடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

வண்டி பழகுகிறதா என்பதைத் தெரிந்துகொள்ள அதை ஓட்ட வேண்டியதில்லை. இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, கால் மணி நேரம் அதோடு இருந்தால் போதும்.

போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு வேலை. வண்டி ஓட்டும்போது போடப்போகும் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்து நில்லுங்கள். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே மேலே முட்டும்வரை ஏற்றிப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை டேப்பில் அளந்துகொள்ளுங்கள். இதுதான் உங்கள் கால் உயரம். எனக்கு ஷூவோடு 74 சென்டிமீட்டர். வண்டியின் விவரத்தாளில் சீட் உயரம் என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு தோராயமான கணக்கு கிடைக்கும். தோராயம்தான், ஏனென்றால் அந்த எண் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. சீட் அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து கால் எட்டுவது குறையும். முன்பக்கம் ஒடுங்கிய சீட் என்றால் அதே உயரத்தில் இன்னும் நன்றாக எட்டும். நீங்கள் உட்கார்ந்ததும் பின் ஷாக் அப்சர்பர் எவ்வளவு இறங்குகிறது என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். ஹோண்டா ரெபல் 500-ல் சீட் வெறும் 690 மில்லிமீட்டர், குள்ளமானவர்களுக்கும் பாதம் முழுசாகப் படியும். கவாஸாகி நின்ஜா 400-ல் 785, ஆனால் சீட் முன்னால் ஒடுங்கியிருப்பதால் எண்ணைப் பார்த்துப் பயந்தவர்கள்கூட உட்கார்ந்ததும் நிம்மதியாவார்கள். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ல் 805, சீட்டும் அகலம்.

வண்டியிடம் போனதும் சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஏறி உட்காருங்கள். நேராக நிமிர்த்துங்கள். நிமிர்த்தும்போதே உடம்பு திணறுகிறதா என்று கவனியுங்கள். பிறகு இரண்டு காலையும் ஊன்றுங்கள். இரண்டு பாதமும் முழுதாகப் படிய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், உயரம் குறைந்தவர்களுக்கு அப்படிப்பட்ட வண்டிகள் மிகச் சில. ஆனால் தொடங்குகிறவருக்கு இரண்டு காலிலும் முன்பாதம் முழுக்கப் படிய வேண்டும். விரல் நுனி போதாது. போதாது என்பதை நான் அந்தத் திருப்பத்தில் முழங்கால் தேயத் தெரிந்துகொண்டேன். சமதளத்தில் நுனிவிரல் எட்டினால், ரோடு இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்த இடத்தில் எதுவுமே எட்டாது.

அடுத்து, உட்கார்ந்தபடியே வண்டியைக் கால்களால் பின்னால் தள்ளுங்கள். பத்தடி தூரம் போதும். பார்க்கிங்கில் இருந்து வண்டியை வெளியே எடுக்கும்போது தினமும் செய்யப்போகும் வேலை இது. முடியவில்லை என்றால் இறங்கி, இடது பக்கம் நின்று, ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஒரு வட்டம் போங்கள். ஒரு முறை இடப்பக்கம், ஒரு முறை வலப்பக்கம். முன் பிரேக் லிவரின் மேல் இரண்டு விரல் இருக்கட்டும், மற்றதெல்லாம் கையும் இடுப்பும் சேர்ந்து செய்ய வேண்டும். என்னிடம் படிக்க வருகிறவர்களை முதல் நாள் வண்டியில் ஏறவே விடமாட்டேன், மைதானத்தைச் சுற்றித் தள்ளத்தான் சொல்வேன். இருபது நிமிடத்தில் வண்டியின் எடை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, எவ்வளவு சாய்ந்தால் கை தாங்கும், எங்கே தாங்காது என்பது உடம்புக்குப் புரிந்துவிடும். நேராக நிற்கும்போது 190 கிலோவும் விளையாட்டுப் பொருள்தான், ஒரு விரலில் நிறுத்தலாம். சாயத் தொடங்கினால் ஒவ்வொரு விரற்கடைக்கும் பாரம் ஏறிக்கொண்டே வரும். ஒரு அளவுக்கு மேல் யாராலும் பிடிக்க முடியாது. அந்த அளவு உங்களுக்கு எங்கே இருக்கிறது என்பதை ஒருவரைத் துணைக்கு எதிர்ப்பக்கம் நிற்க வைத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிக்கலாம். சுளித்தால் சுளிக்கட்டும். சம்பாதித்த காசில் வாங்குவது நீங்கள்.

எடையைப் பார்க்கும்போது பெட்ரோல், ஆயில் எல்லாம் நிரப்பிய எடையா என்று கேளுங்கள். சில விவரத்தாள்களில் எதுவும் நிரப்பாத எடையைப் போட்டுவிடுவார்கள், பத்துப் பதினைந்து கிலோ வித்தியாசம் வரும். புதியவருக்கு எத்தனை கிலோ சரி என்று கேட்டால், உங்கள் எடையை வைத்துத்தான் நான் யோசிப்பேன். ஐம்பது கிலோ உடம்புக்கு 140 கிலோவுக்குள் ஒரு வண்டி சுகமாக இருக்கும். எழுபது, எண்பது கிலோ உள்ளவர் 170 வரை போகலாம். இது விதி எதுவும் இல்லை, மைதானத்தில் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்குப் பட்ட கணக்கு. அதோடு எடை எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது முக்கியம். ரெபல் 500-ம் கிளாசிக் 350-ம் காகிதத்தில் ஏறக்குறைய ஒரே எடை, 190-க்கும் 195-க்கும் பக்கம். ஆனால் ரெபலில் எடை தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் சின்னவர்களுக்கும் கைக்கு அடங்கும். உயரமான அட்வென்சர் வண்டிகளில் டேங்க் நிறையும்போது மேலே ஒரு மூட்டை ஏறிக்கொண்டது போல இருக்கும்.

ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். முழுக்கத் திருப்பிய நிலையில் வெளிப்பக்கக் கை நீண்டு கிளட்ச் லிவரோ ஆக்சிலரேட்டரோ விரலுக்கு எட்டாமல் போனால் யூ-டர்னில் தடுமாறுவீர்கள். கிளட்சைப் பத்து முறை தொடர்ந்து பிடித்து விடுங்கள். பத்தாவது முறை முன்கை வலித்தால் டிராஃபிக்கில் அரை மணி நேரம் தாங்காது. அசிஸ்ட் கிளட்ச் உள்ள வண்டிகளில் லிவர் பஞ்சு மாதிரி இருக்கும், சின்னக் கைகளுக்கு அது பெரிய வரம். லிவரின் தூரத்தைக் குறைக்கக்கூடிய திருகு உள்ள வண்டி என்றால் இன்னும் நல்லது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் இன்ஜினைப் பற்றிப் பேச வேண்டும். எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள், "எத்தனை சிசி?" என்று. சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு, அவ்வளவுதான். அந்தக் கொள்ளளவை வைத்து இன்ஜின் என்ன செய்கிறது என்பது வேறு. கிளாசிக் 350-ல் 349 சிசி, சக்தி 20 குதிரைசக்தி. கேடிஎம் 390 ட்யூக்கின் முந்தைய இன்ஜின் 373 சிசி, சக்தி 43. இருபத்து நான்கு சிசி வித்தியாசத்தில் சக்தி இரண்டு மடங்குக்கு மேல். எடையும் ட்யூக்கில் குறைவு. "350-தானே, 390-தானே, ரெண்டும் ஒண்ணுதான்" என்று நினைத்து வாங்கிவிட்டு இரண்டாம் கியரில் முன் சக்கரம் லேசாவதைப் பார்த்து மிரண்டு போன பையனை நான் பார்த்திருக்கிறேன். யமஹா ஆர்6-ல் 599 சிசிதான், ஆனால் சுமார் 120 குதிரைசக்தி, அதுவும் 14,500 ஆர்பிஎம் (இன்ஜின் ஒரு நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) பக்கம் போய் ஒட்டுமொத்தமாக வருகிறது. அது பந்தயத் தடத்துக்காகப் பிறந்த இன்ஜின். கற்றுக்கொள்ள அதை எடுக்காதீர்கள் என்று நான் கெஞ்சியே கேட்பேன்.

புதியவருக்கு எவ்வளவு சக்தி போதும்? சில நாடுகள் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றன, அதிலிருந்து ஒரு அளவு கிடைக்கும். ஐரோப்பாவில் ஏ1 என்ற தொடக்க உரிமம் வைத்திருப்பவர் 125 சிசி, 11 கிலோவாட் வரைதான் ஓட்டலாம். அடுத்த படியான ஏ2 என்றால் 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைசக்தி. ஆஸ்திரேலியாவில் 660 சிசிக்கு மேல் போகக்கூடாது என்பதோடு, ஓட்டுபவர் எடையும் சேர்த்து ஒரு டன்னுக்கு 150 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது என்ற கணக்கும் உண்டு. சக்தியை எடையோடு சேர்த்துப் பார்ப்பதுதான் அதில் புத்திசாலித்தனம். உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் 47 குதிரைசக்தியை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், முதல் வருடத்துக்கு 10-லிருந்து 25 குதிரைசக்தி ஏராளம். உலகத்தில் மிக அதிகமாக விற்ற மோட்டார் வண்டி ஹோண்டா சூப்பர் கப். 1958-ல் வந்தது, 2017-ல் தயாரிப்பு எண்ணிக்கை பத்துக் கோடியைத் தொட்டது. தொடங்கியபோது அதில் இருந்தது வெறும் 50 சிசி இன்ஜின். கிளட்ச் லிவரே கிடையாது, இடது கை சும்மா இருந்தால் போதும். சின்ன வண்டியைக் குறைவாகப் பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

எண்களைவிட முக்கியமானது, சக்தி எப்படி வருகிறது என்பது. குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை கிடைக்கிற இன்ஜின், கிளட்சைக் கொஞ்சம் அவசரமாக விட்டாலும் நின்றுவிடாமல் வண்டியை நகர்த்தும். கிளாசிக் 350 சக்தியில் சிறியது, ஆனால் 4,000 ஆர்பிஎம்மிலேயே 27 நியூட்டன் மீட்டர் இழுவை வந்துவிடும், அதனால்தான் எடையைத் தாங்க முடிந்த புதியவர்களுக்கு அது ஓட்டச் சுலபமாக இருக்கிறது. இன்னொன்று, ஆக்சிலரேட்டரின் முறுக்கு. புதியவர் பயந்தால் கை என்ன செய்யும் தெரியுமா? இறுகப் பிடிக்கும். இறுகப் பிடிக்கும்போது மணிக்கட்டு கீழே இறங்கும், ஆக்சிலரேட்டர் திறக்கும், வண்டி முன்னால் பாயும், பாய்ந்ததும் பயம் கூடும், கை இன்னும் இறுகும். மைதானத்தில் நான் மாதம் ஒரு முறையாவது இதைப் பார்க்கிறேன். 100 சிசி வண்டியில் அது ஒரு திடுக்கிடலோடு முடியும். 43 குதிரைசக்தி வண்டியில் எதிர்ச் சுவரில் போய் முடியும்.

மின்சார பைக் வாங்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். கிளட்ச், கியர் தொல்லை இல்லை என்பது உண்மை, ஆனால் மோட்டாரின் முழு இழுவையும் முதல் நொடியிலேயே வரும். சக்தியைக் குறைக்கும் மோடு இருந்தால் அதிலேயே முதல் சில மாதங்களை ஓட்டுங்கள்.

உட்காரும் விதத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதுகு நிமிர்ந்து, கை லேசாக மடங்கி, பாதம் முழங்காலுக்குக் கீழே இருக்கிற சாதாரண நேக்கட் (இன்ஜினை மூடும் உறை இல்லாத) வண்டி கற்றுக்கொள்ள மிகச் சிறந்தது. தாழ்ந்த ஹேண்டில்பார் உள்ள ஸ்போர்ட்ஸ் வண்டியில் உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கும், மெதுவாகப் போகும்போது திருப்ப முடியாமல் தவிப்பீர்கள். கால் முன்னால் நீளும் குரூஸரில் உட்காரச் சுகம், ஆனால் ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்று குழியைக் கடக்க முடியாது. பின்னால் ஆள் ஏற்ற வசதியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறார்கள் பலர். தயவுசெய்து முதல் ஆறு மாதம் பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் பிரேக், திருப்பம் எல்லாமே வேறு கணக்கு.

பிரேக்கில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாங்க முடிந்தால் ஏபிஎஸ் உள்ள வண்டியையே எடுங்கள், முன் சக்கரத்திலாவது இருக்க வேண்டும். ஹர்ட் அறிக்கையிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது. ஆபத்து வந்த நொடியில் பெரும்பாலானவர்கள் பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தை இழுபட விட்டார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவே இல்லை. பிரேக் போட்டதும் பாரம் முன்னால் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். ஆனால் "முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுந்துருவே" என்று பயமுறுத்தியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். முன் சக்கரம் சுழலாமல் இறுகிப்போனால் விழுவது நிஜம். சக்கரத்தின் வேகத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருந்து, இறுகப் போகிறது என்று தெரிந்ததும் பிரேக் அழுத்தத்தை ஒரு நொடியில் பலமுறை விட்டு விட்டுப் பிடிப்பதுதான் ஏபிஎஸ்ஸின் வேலை. பைக்குகளில் அது முதலில் வந்தது 1988-ல், பிஎம்டபிள்யூ கே100-ல். இப்போது சிறிய வண்டிகளிலும் வந்துவிட்டது. வளைவில் சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏபிஎஸ் உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம், அது நேராகப் போகும்போது உதவுகிற கருவி. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி திகைத்து நின்றாலே வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும், பிரேக் அதற்குப் பிறகுதான் தொடங்கும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. இதைச் சொல்லும்போது என் மாணவர்களை 17 மீட்டர் நடக்கச் சொல்வேன். இருபத்து நான்கு, இருபத்தைந்து எட்டு வரும். நடந்து முடித்ததும் யாரும் பேசமாட்டார்கள்.

புதிதா, செகண்ட் ஹேண்டா? முதல் வண்டி ஒரு முறையாவது சாயும். அதனால் நான் பெரும்பாலும் செகண்ட் ஹேண்டைத்தான் சொல்வேன். கீறல் விழுந்தால் மனசு உடையாது, பயிற்சியைத் தைரியமாகச் செய்வீர்கள். ஒரு வருடம் கழித்து விற்றாலும் நஷ்டம் குறைவு. ஆனால் பார்த்து வாங்க வேண்டும், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பகலில் போங்கள், மழை இல்லாத நாளில். போனதும் முதல் காரியமாக இன்ஜின் மேல் புறங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதைப் பார்த்தே ஆக வேண்டும், காத்திருங்கள் அல்லது இன்னொரு நாள் வாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரைப் பாருங்கள். தொடக்கத்தில் லேசான வெண்ணிற ஆவி வந்து மறைந்தால் பரவாயில்லை. நீலப் புகை விடாமல் வந்தால் இன்ஜின் ஆயிலை எரிக்கிறது, அந்த வண்டி வேண்டாம்.

அடுத்து விழுந்த தடயம். ஹேண்டில்பாரின் நுனி, லிவர்களின் உருண்டை முனை, ஃபுட்ரெஸ்டின் ஓரம், சைலன்சரின் வெளிப்புறம். நின்ற இடத்தில் சாய்ந்த வண்டியில் இந்த நுனிகளில் மட்டும் தேய்மானம் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். நீளமான கீறல்கள் ஒரே திசையில் ஓடினால் வண்டி ரோட்டில் இழுபட்டிருக்கிறது. வண்டிக்கு நேர் பின்னால் பத்தடி தள்ளிக் குனிந்து இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் தெரிகிறதா என்று பாருங்கள்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே ஒரு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து நிற்பது போலத் தெரிந்தால் கோன் செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங், போய்விட்டது. மாற்றலாம்தான், ஆனால் அதை வைத்து விலை பேசுங்கள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் விரலை ஓட்டுங்கள். எண்ணெய் ஒட்டினால் ஆயில் சீல் கசிகிறது. பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) கடைசிப் புள்ளியில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பல்லில் பாதி தெரியும் அளவுக்கு விலகி வந்தால் செயின் செட்டின் ஆயுள் முடிந்தது.

டயரில் பட்டன் இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள், வயதை யாரும் பார்ப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் செய்த டயர். ஓடாமல் கிடந்த வண்டியில் பட்டன் புதிதாகவே இருக்கும், ரப்பர் மட்டும் கல்லாகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். இறங்காவிட்டால் மழை ரோட்டில் அது பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என்னிடம் படித்த ஒரு பெண் ஆசையாக வாங்கி வந்த வண்டியில் எட்டு வருடப் பழைய டயர், மேலே மினுமினுப்பாக பாலிஷ் தடவியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் மண்டியிட்டு அந்த நான்கு எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவள் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்றைக்கே மாற்றினோம்.

கடைசியாக சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியிலேயே தேடி, காகிதத்தில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். சைலன்சர், ஹேண்டில்பார், லைட் என்று நிறைய மாற்றிய வண்டியை விட்டுவிடுங்கள். அதன் வயரிங்கை எவர் எப்படி வெட்டி ஒட்டினார் என்பது ஒருவருக்கும் தெரியாது.

ஓட்டிப் பார்க்க விட்டால் வேகமாகப் போய்க் காட்ட வேண்டாம். ஓட்டத் தெரியாதவர் என்றால் நன்கு ஓட்டும் ஒருவரை ஓட்ட வைத்து நீங்கள் பாருங்கள். ஓரளவு தெரிந்தவர் என்றால், நடக்கிற வேகத்தில் நேராகப் பதினைந்து மீட்டர் போங்கள். கால் ஊன்றாமல் போக முடிகிறதா? ஒரு எட்டு போடுங்கள். இரண்டு பக்கமும் யூ-டர்ன் அடியுங்கள். ஒரு சின்ன ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுங்கள். தோள் இறுகுகிறதா, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களா என்று கவனியுங்கள். மூன்றாவது எட்டில் மூச்சு சீரானால் அந்த வண்டி உங்களுக்குப் பழகும்.

மொத்தப் பணத்தையும் வண்டியில் போட்டுவிடாதீர்கள். ஹெல்மெட், கையுறை, முழங்கால் காப்பு, கணுக்காலை மூடும் ஷூ, கெட்டியான ஜாக்கெட் ஆகியவற்றுக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டு மீதிக்குத்தான் வண்டி பாருங்கள். ஹெல்மெட் செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் நுரை ஒரு அடி வாங்கினால் நசுங்கிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. புது ஹெல்மெட்டை மாட்டி வாரைப் பூட்டித் தலையை ஆட்டினால் கன்னமும் சேர்ந்து அசைய வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் ஒரு அளவு சின்னதாகக் கேளுங்கள்.

அழகைப் பற்றியும் கேட்பார்கள், "பிடிச்ச வண்டியை விட்டுட்டுப் பிடிக்காததை வாங்கச் சொல்றீங்களா அக்கா?" இல்லை. மனசுக்குப் பிடிக்காத வண்டியை யாரும் ஞாயிறு காலை ஐந்தரைக்கு எழுந்து வெளியே எடுக்க மாட்டார்கள், எடுக்காவிட்டால் பழகாது. கால் எட்டி, தள்ள முடிந்து, பிரேக் நன்றாக இருக்கும் இரண்டு மூன்று வண்டிகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். அவற்றில் எதைப் பார்க்கும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறதோ அதை எடுங்கள். அந்தப் பெரிய கனவு வண்டியின் படத்தைச் சுவரில் ஒட்டி வையுங்கள், அது எங்கேயும் போய்விடாது. என் அண்ணன் தேர்ந்தெடுத்த அந்த 190 கிலோ வண்டியை நான் விற்கவில்லை. நான்கு வருடம் சின்ன வண்டி ஓட்டிய பிறகு அதை மறுபடி எடுத்தேன். சீட் நுரையை ஒன்றரை அங்குலம் செதுக்கி, அடித்தட்டு கொஞ்சம் கனமான ஷூ போட்டு. அதே திருப்பத்தில் போய் நின்று, இந்தத் தடவை இடது காலை மேட்டுப் பக்கமாக ஊன்றினேன்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் நாள் ரோட்டுக்கு எடுத்துப் போக அவசரப்படாதீர்கள். ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். கிளட்ச், பிரேக் லிவர்களை உங்கள் விரல் எட்டும் கோணத்துக்குத் திருப்பி முடுக்குங்கள். சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டினால் முன்கையும் விரல்களும் ஒரே நேர்க்கோட்டில் லிவர் மேல் இறங்க வேண்டும். கண்ணாடிகளைத் தோள் பாதி தெரியாத அளவுக்கு வெளியே தள்ளி வையுங்கள். கியர் லிவர் ஷூவின் தடிமனுக்குச் சரியாக இருக்கிறதா பாருங்கள். டயரில் காற்று எவ்வளவு என்று செயின் கவரிலோ கையேட்டிலோ போட்டிருக்கும், அந்த அளவுக்கு ஏற்றுங்கள். புது டயர் என்றால் முதல் 100 கிலோமீட்டர் வழுக்கும், வளைவுகளில் நிதானமாகப் போங்கள். மறுநாள் விடியற்காலை, ரோடு காலியாக இருக்கும்போது, வீட்டைச் சுற்றி இடப்பக்கமாக ஒரு சுற்று, வலப்பக்கமாக ஒரு சுற்று.